சுருட்டும் பீரும்: இணையும் சுவை, இணையாத கணக்கு

பழகிப்போன இணைகளுக்கு நாம் விளக்கம் கேட்பதில்லை. இட்லிக்குச் சட்னி, பொங்கலுக்குக் கொத்சு என்பவை நம் நாவில் நிலைபெற்றுவிட்டவை. அமெரிக்காவில் கடந்த சில பத்தாண்டுகளில் அவ்வாறு வேரூன்றியிருக்கும் ஓர் இணை, சுருட்டும் கைவினை பீரும். சிறிய ஆலைகளில் குறைந்த அளவில் வடிக்கப்படும் பீர் வகைகளைத்தான் 'கைவினை பீர்' என்கின்றனர். எந்தச் சுருட்டுக்கு எந்த பீர் பொருந்தும் என்று வழிகாட்டும் மாலை நிகழ்ச்சிகள் பல நகரங்களில் நடைபெறுகின்றன. ஒரே கட்டணத்தில் சில கோப்பை பீரும் சில சுருட்டுகளும் வரிசை பிசகாமல் பரிமாறப்படுகின்றன.

நான் புகைப்பவன் அல்லன். மது அருந்துபவனும் அல்லன். ஆயினும் நுண்ணியல் பொருளாதாரத்தை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த இணை எனக்கு ஒரு பாடப்புத்தகத்தைப் போலவே தோன்றுகிறது. நிரப்புப் பண்டங்கள், முற்றுரிமைப் போட்டி, வரிக் கொள்கை, புறவிளைவு என வகுப்பறையில் தனித்தனியே நடத்தும் பாடங்கள் அனைத்தும் இந்த ஒரு மேசையில் வந்து கூடுகின்றன. கூடவே, எவரும் போட்டுப் பார்க்காத கணக்கொன்றும் அங்கே இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

சுவையின் தர்க்கம்

இந்த இணை வெறும் விளம்பர உத்தி அன்று. அதற்கு வேதியியல் அடிப்படை உண்டு. சுருட்டுக்கான புகையிலையைப் பறித்து உலர்த்தியதும் அப்படியே சுருட்டிவிடுவதில்லை. இலைகளைக் குவியலாக அடுக்கி வாரக்கணக்கில், சில வகைகளை மாதக்கணக்கில், புளிக்க வைக்கிறார்கள். குவியலின் உட்புறம் தானாகவே சூடேறுகிறது. அம்மோனியா வெளியேறுகிறது, காரல் குறைகிறது, இலை கருமை கொள்கிறது. பீரும் புளிப்பின் விளைபொருளே. முளைகட்டிய பார்லியைக் காயவைத்தும் வறுத்தும் பெறும் மால்ட்டின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. மால்ட்டை எவ்வளவு வறுக்கிறோமோ அவ்வளவுக்குக் காபியும் கோகோவும் கலந்தாற்போன்ற மணம் பீரில் இறங்குகிறது.

ஆகவே 'மடூரோ' எனப்படும் கருநிற மேலிலைச் சுருட்டுக்கு, வறுத்த மால்ட்டில் வடித்த ஸ்டவுட், போர்ட்டர் வகை பீர்களைப் பரிந்துரைக்கிறார்கள். நிழல் துணியின்கீழ் வளர்க்கப்படும் கனெக்டிகட் மேலிலையைக் கொண்ட மென்மையான சுருட்டுக்குப் பில்ஸ்னர் அல்லது கோதுமை பீர் ஏற்றது என்கிறார்கள். ஹாப்ஸ் பூவின் கசப்பு மிகுந்த பீரும் காரமான சுருட்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று மோதிக் கெடுத்துவிடும் என்பது பொதுக் கருத்து. கனத்துக்குக் கனம், மென்மைக்கு மென்மை என்பதே அடிப்படை விதி. பீரிலுள்ள கரியமிலவாயு, நாக்கில் படிந்த புகையின் பிசுபிசுப்பைக் கழுவித் தருகிறது. அடுத்த இழுப்பு முதல் இழுப்பைப் போலவே தோன்றுகிறது.

பொருளாதாரத்தில் இதற்குப் பெயர் நிரப்புப் பண்டங்கள். ஒன்றின் விலை குறைந்தால் மற்றதன் தேவை கூடும். ஒன்றின் விலை ஏறினால் மற்றதன் தேவை குறையும். இந்த உறவைக் குறுக்கு நெகிழ்ச்சி கொண்டு அளக்கிறோம். மதுவும் புகையிலையும் எல்லாச் சூழலிலும் நிரப்புப் பண்டங்கள்தாமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒன்றில்லாமல் மற்றது முழுமை பெறாது என்று நுகர்வோருக்குப் பழக்கும்போது அந்த உறவு வலுப்படுகிறது. சுவை என்பது ஓரளவு இயற்கை, பெருமளவு பயிற்சி.

ஒரு நகரத்தின் கதை

இந்த இணைக்கு ஊர் ஒன்று சொல்ல வேண்டுமானால், ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பாவைச் சொல்லலாம். 1884-இல் அந்த ஊருக்கு ரயில் பாதை வந்தது. அடுத்த ஆண்டு, கீ வெஸ்ட்டில் சுருட்டுத் தொழில் நடத்திவந்த விசெந்தே மார்ட்டினெஸ் ஈபோர் அங்கே நிலம் வாங்கினார். அவர் பெயராலேயே ஈபோர் சிட்டி எழுந்தது. துறைமுகம் அருகில் இருந்தது. ஹவானாவிலிருந்து கப்பலில் இலை வந்தது. ஈரப்பதம் மிகுந்த காற்று இலையை நொறுங்காமல் காத்தது. கியூபர், ஸ்பானியர், இத்தாலியர் எனப் பல நாட்டுத் தொழிலாளர்கள் குடியேறினர். 1896-இல் அதே ஈபோர் சிட்டியில் ஃபுளோரிடா பிரூயிங் கம்பெனி என்ற பீர் ஆலையும் எழுந்தது. சுருட்டும் பீரும் ஒரே ஊரின் இரு தொழில்களாயின.

அந்தத் தொழிற்கூடங்களில் நிலவிய ஒரு வழக்கம் குறிப்பிடத்தக்கது. சுருட்டுச் சுற்றும் கூடத்தின் நடுவே உயரமான மேடையில் அமர்ந்து ஒருவர் உரக்க வாசிப்பார். 'லெக்டோர்' என்று அவருக்குப் பெயர். நாளிதழ்கள், நாவல்கள், அரசியல் கட்டுரைகள் என வாசிப்பு நீளும். வாசிப்பவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவருக்கு ஊதியம் அளிப்பவர்களும் தொழிலாளர்களே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இலக்கியமும் உலக நடப்பும் அறிந்திருந்தனர். கியூப விடுதலை வீரர் ஹோசே மார்த்தி 1891-இல் இங்கு வந்து இத்தொழிலாளர்களிடம் ஆதரவு திரட்டினார். வாசிப்பு தொழிலாளர்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுகிறது என்று கருதிய முதலாளிகள் 1931-இல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தனர்.

இத்தொழிலாளர்கள் சென்ட்ரோ எஸ்பன்யோல், சென்ட்ரோ அஸ்துரியானோ போன்ற பரஸ்பர உதவிச் சங்கங்களை அமைத்தனர். மாதச் சந்தா செலுத்தினால் மருத்துவ உதவி கிடைத்தது. அரசோ பெரு நிறுவனமோ தராத மருத்துவக் காப்பீட்டைத் தொழிலாளர்களே கட்டியெழுப்பினர். பண்டத்தின் பின்னால் இருக்கும் மனிதரை மறந்து பொருளாதாரம் பேசக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னர் வந்தது சரிவு. சிகரெட்டின் எழுச்சி, சுற்றும் இயந்திரத்தின் வரவு, 1930-களின் பெருமந்தம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி கியூபா மீது விதித்த வணிகத் தடை, ஹவானா இலையின் வரவை அடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சுருட்டுக் கூடங்கள் இருந்த ஊரில், பழைய பெருங்கூடங்களுள் இன்றும் இயங்குவது 1910-இல் கட்டப்பட்ட கடிகாரக் கோபுரத்தோடு கூடிய ஜே.சி. நியூமன் நிறுவனத்தின் கூடம் ஒன்றே.

2009-இல் அதே டாம்பாவில் 'சிகார் சிட்டி' என்ற பெயரிலேயே ஒரு கைவினை பீர் ஆலை தொடங்கியது. சுருட்டுப் பெட்டிகள் செய்யப் பயன்படும் 'ஸ்பானிய செடார்' மரத்துண்டுகளில் ஊறவைத்த பீர் அதன் தனி அடையாளங்களுள் ஒன்றாயிற்று. பெயர் அப்படி இருப்பினும், அம்மரம் ஸ்பெயினைச் சேர்ந்ததும் அன்று. உண்மையான தேவதாரு இனமும் அன்று. அது வெப்பமண்டல அமெரிக்காவில் வளர்வது. நம் வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மறைந்துகொண்டிருந்த ஒரு தொழிலின் நினைவையே இன்னொரு தொழில் தன் சுவையாக மாற்றிக்கொண்டது.

சிறியவை பெருகியது எப்படி?

கைவினை பீரின் எழுச்சியைச் சுவையை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. 1920-இல் தொடங்கிய மதுவிலக்கு 1933 டிசம்பர் 5 அன்று முடிவுக்கு வந்தபோது, அமெரிக்காவின் சிறிய பீர் ஆலைகளில் பெரும்பாலானவை அழிந்திருந்தன. எஞ்சியவற்றைப் பெரியவை விழுங்கின. 1970-களின் இறுதியில் நாடு முழுவதும் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே இருந்தன. அவை வடித்ததும் ஏறத்தாழ ஒரே சுவையுள்ள வெளிறிய லாகர் பீர்.

நிலைமையை மாற்றியவை இரு சட்டங்கள். 1976-இல் சிறிய ஆலைகளுக்கு முதல் 60,000 பேரல்களுக்கான கலால் வரி ஒன்பது டாலரிலிருந்து ஏழு டாலராகக் குறைக்கப்பட்டது. 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காக பீர் வடிப்பதைக் கூட்டாட்சி அளவில் அனுமதித்தது. வீட்டு அடுக்களையில் கைப்பழகியவர்கள் அடுத்த தலைமுறையில் ஆலை தொடங்கினர். இன்று அங்குள்ள பீர் ஆலைகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டும்.

மதுவிலக்கு முடிந்த அதே 1933-இல், எட்வர்ட் சேம்பர்லின் 'முற்றுரிமைப் போட்டிக் கோட்பாடு' என்ற நூலை வெளியிட்டார் என்பது ஒரு சுவையான தற்செயல். சந்தையில் விற்பவர் பலர். ஆனால் ஒவ்வொருவரின் பண்டமும் சற்றே வேறுபட்டது. அந்தச் சிறு வேறுபாட்டளவில் ஒவ்வொருவரும் ஒரு குட்டி முற்றுரிமையாளர். இதுவே அவர் தந்த சித்திரம். ஒன்பதாயிரம் ஆலைகள் போட்டியிடும் சந்தையில் வேறுபாடு காட்டாதவர் பிழைக்க இயலாது. மரத்தில் ஊறவைப்பதும் சுருட்டோடு இணைத்துப் பரிமாறுவதும் அத்தகைய பண்ட வேறுபாட்டு உத்திகளே.

சேம்பர்லினின் கோட்பாடு சொல்லும் இன்னொன்றும் இங்கே மெய்ப்பட்டது. புதியவர் நுழைய நுழைய, மிகை இலாபம் கரைந்துபோகும். பலர் மூடினர்; பலர் விற்றனர். சிகார் சிட்டி ஆலை 2016-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் ஆதரவு பெற்ற பீர் குழுமத்தின் கைக்கு மாறியது. அந்தக் குழுமத்தையே 2022-இல் மான்ஸ்டர் என்னும் ஊக்கபான நிறுவனம் வாங்கியது. கைவினை என்ற சொல் புட்டியில் ஒட்டியிருக்க, உரிமை மட்டும் எங்கோ போய்விடுவதைப் பல துறைகளில் பார்த்துவருகிறோம்.

செம்பும் துத்தநாகமும்

ஒரே கட்டணத்தில் சுருட்டும் பீரும் ஏன் தருகிறார்கள்? இதற்கான விடையை 1838-லேயே பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கூர்னோ எழுதிவிட்டார். செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிக் கலந்தால் பித்தளை. செம்பை ஒருவரும் துத்தநாகத்தை இன்னொருவரும் முற்றுரிமையோடு விற்றால் என்ன ஆகும் என்று அவர் கணக்கிட்டார். ஒவ்வொருவரும் தம் இலாபத்தை மட்டுமே எண்ணி விலையை ஏற்றுவர். அதனால் மற்றவரின் விற்பனை குறைவதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. இருவரும் ஒரே நிறுவனமாகிவிட்டால் விலை குறையும், விற்பனை கூடும், மொத்த இலாபமும் உயரும்.

சுருட்டையும் பீரையும் ஒரே இடத்தில் விற்பவர் செய்வது இதையே. ஒன்றின் விலையைச் சற்றுக் குறைத்தால் மற்றதன் விற்பனை கூடும் என்பதை அவர் தம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். ஆக, விற்பவர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார். வாங்குபவரும் ஒன்றாகவே நுகர்கிறார். இரண்டையும் தனித்தனியே பார்ப்பது அரசு மட்டும்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பெரிய சுருட்டுக்கான கூட்டாட்சி வரி, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் விற்பனை விலையில் 52.75 சதவீதம். கேட்டதும் கடுமையான வரி என்று தோன்றும். ஆனால் ஒரு சுருட்டுக்கு 40.26 சென்ட் என்பதே உச்சவரம்பு. அதாவது, விலை ஏறத்தாழ 76 சென்டைத் தொட்டதுமே வரி நின்றுவிடுகிறது. இரண்டு டாலர் சுருட்டுக்கும் இருபது டாலர் சுருட்டுக்கும் ஒரே வரி. மலிவுச் சுருட்டு வாங்கும் எளியவர் விலையில் பாதியளவு வரி கட்டுகிறார்; விலையுயர்ந்ததைச் சுவைப்பவர் கட்டுவது சில விழுக்காடே. டாம்பா அமைந்துள்ள ஃபுளோரிடாவோ சுருட்டின்மீது மாநிலப் புகையிலை வரியே விதிப்பதில்லை.

பீரின் கதையும் அதுவே. 117 லிட்டர் கொண்ட ஒரு பேரலுக்கான பொது வரிவிகிதம் 1991 முதல் 18 டாலர். விலைவாசி ஏற்றத்துக்கேற்ப அது உயர்த்தப்படவில்லை. சிறிய ஆலைகளுக்கு முதல் 60,000 பேரல்களுக்கான வரி 2018-இல் மூன்றரை டாலராகக் குறைந்தது. ஒரு சிறு புட்டிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு சென்ட். சிறுதொழிலைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் அருந்துபவரின் உடல், ஆலை சிறிதா பெரிதா என்று பிரித்தறிவதில்லை.

கூட்டலும் பெருக்கலும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகைத்தலை 1986-லும் மதுபானங்களை 1988-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. இது பலரும் அறிந்ததே. அவ்வளவாக அறியப்படாதது, இரண்டும் சேரும்போது நிகழ்வது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய்களில் இரண்டின் கேடுகளும் வெறுமனே கூடுவதில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன.

இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு பழக்கம் அபாயத்தை மூன்று மடங்காக்குகிறது, மற்றது நான்கு மடங்காக்குகிறது என்று கொள்வோம். கேடுகள் தனித்தனியே இயங்கிக் கூடினால் அபாயம் ஆறு மடங்காகும். பெருகினால் பன்னிரண்டு மடங்காகும். இடையிலுள்ள ஆறு மடங்கு, சுருட்டின் கணக்கிலும் வராது. பீரின் கணக்கிலும் வராது. அது இணையின் கணக்கு.

காரணமும் புரியாததன்று. ஆல்கஹால் ஒரு கரைப்பான். புகையிலுள்ள நச்சுகள் வாயின் மென்படலத்துக்குள் ஊடுருவ அது வழிதிறக்கிறது. அது உடலில் சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடும் ஒரு புற்றுநோய்க்காரணி. 'நாங்கள் புகையை உள்ளிழுப்பதில்லை. வாயில் வைத்துச் சுவைத்து விடுகிறோம்' என்பது சுருட்டுப் பிரியர்களின் வழக்கமான பதில். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அதன் நிகோடின் வாயின் படலத்தின் வழியாகவே உடலில் சேர்கிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு சிகரெட் பெட்டி முழுவதிலும் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். உள்ளிழுக்காமல் வாயிலேயே நிறுத்தப்படும் புகை, ஆல்கஹால் பட்ட அதே படலத்தில்தான் படிகிறது. சுவை சேரும் இடமும் நோய் சேரும் இடமும் ஒன்றே.

அமெரிக்க மதுப் புட்டிகளில் 1989 முதல் எச்சரிக்கை வாசகம் உள்ளது. அது கருவுற்ற பெண்களையும் வாகனம் ஓட்டுவதையும் குறிப்பிட்டு, உடல்நலக் கேடு வரக்கூடும் என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடுகிறது. மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அதில் சேர்க்க வேண்டும் என்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அலுவலர் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தார். சுருட்டுப் பெட்டியில் வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை உண்டு. ஆனால், இரண்டையும் சேர்த்து நுகர்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பெட்டியும் எந்தப் புட்டியும் சொல்வதில்லை.

நமக்கு என்ன?

தொலைதூரத்து மேசை ஒன்றின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1887-இல் வெளிவந்த தம் முதல் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ், சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுகொள்கிறார். ஆகவே இந்தப் பண்டம் நமக்கு அந்நியமானதன்று. கைவினை பீர் விடுதிகளும் பெங்களூரு போன்ற நகரங்களில் பெருகிவிட்டன.

அதைவிட முதன்மையானது, கணக்கைப் பிரித்து வைக்கும் வழக்கம் இங்கும் அப்படியே இருப்பது. அருந்தும் மது சரக்கு, சேவை வரிக்கு வெளியே, மாநிலங்களின் கையில் இருக்கிறது. புகையிலையோ அவ்வரிக்கும் மத்திய வரிகளுக்கும் உட்பட்டது. ஒன்றை ஒரு கருவூலமும் மற்றதை இன்னொரு கருவூலமும் வருவாயாக மட்டுமே பார்க்கின்றன. இந்திய ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. புகையிலையும் மதுவும் ஒருங்கே பழகியவர் அதில் எத்தனை இழக்கிறார் என்பது இரு கருவூலங்களின் வரவு செலவிலும் இடம்பெறுவதில்லை. அந்தச் செலவு நோயாளியின் குடும்பக் கணக்கில் எழுதப்படுகிறது.

நான் தடையை வேண்டுபவன் அல்லன். தடை எவ்வாறு சிறியவர்களை அழித்துப் பெரியவர்களை வளர்த்தது என்பதற்கு 1920-க்குப் பிந்தைய அமெரிக்காவே சான்று. வயதுவந்தவர்கள் அறிந்து செய்யும் தேர்வை மதிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'அறிந்து' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, செல்வருக்குச் சலுகையாக அமையும் வரி உச்சவரம்புகள் நீங்க வேண்டும். ஆடம்பரப் பண்டத்தின் வரி அதன் விலையோடு சேர்ந்தே ஏற வேண்டும். இரண்டாவது, எச்சரிக்கை வாசகங்கள் இணையைப் பற்றியும் பேச வேண்டும். புகையிலைப் பெட்டியில் மதுவும், மதுப் புட்டியில் புகையிலையும் குறிப்பிடப்பட வேண்டும். மூன்றாவது, இரு வரிகளையும் தீர்மானிப்பவர்கள் ஒன்றாக அமர்ந்து கூட்டுக் கேட்டின் செலவை மதிப்பிட வேண்டும்.

செம்பையும் துத்தநாகத்தையும் தனித்தனியே எடைபோட்டுவிட்டுப் பித்தளையின் விலை தெரிந்துவிட்டது என்று எந்தப் பாத்திரக்கடைக்காரரும் சொல்லமாட்டார். விற்பவருக்கும் தெரிந்த அந்தக் கணக்கை, மக்களின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்றவர்கள் இனியேனும் போட்டுப் பார்க்க வேண்டும்.